ராஸ்: குதிரையா, கடல்முனையா?

பள்ளிக்கூடத்தில் மலேரியா பாடம் படித்த யாருக்கும் ரொனால்டு ராஸைத் தெரியும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டுபிடித்தவர். 1902இல் நோபல் பரிசு வாங்கினார். 1897 கோடையில் ஊட்டிக்கு வந்திருந்தபோது, கீழே சீகூர் மலைப்பாதைப் பக்கம் கொசு தேடிப் போய், தானே மலேரியாவில் படுத்தவரும் அவர்தான்.

அந்தமானுக்குப் போய் வந்தவர்கள் இன்னொரு ராஸைச் சொல்வார்கள். போர்ட் பிளேருக்கு எதிரே மர வேர்கள் கவ்விக்கொண்ட இடிபாடுகளோடு நிற்கும் தீவுக்கு 2018 வரை ராஸ் தீவு என்றுதான் பெயர். டேனியல் ராஸ் என்ற கடல் அளவையாளரின் பெயர் அது. இப்போது அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. உலக வரைபடத்தின் அடியில் அண்டார்ட்டிகாவை ஒட்டி ராஸ் கடல் இருக்கிறது. 1841இல் அங்கே கப்பலை ஓட்டிக்கொண்டு போன ஜேம்ஸ் கிளார்க் ராஸின் நினைவு அது. பாட்டுக் கேட்பவர்களுக்கு டயானா ராஸ். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் ஒரு கோயிலைத் தூக்கி நிறுத்திய ஜெர்மன் ஆராய்ச்சியாளர் லூட்விக் ராஸும் உண்டு. அவரிடம் கடைசியில் வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அவர்தான்.

இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா? இல்லை. ஒரே குடும்பமாக இல்லாதது மட்டுமல்ல, இவர்களுடைய பெயர் ஒரே சொல்லாகக்கூட இருக்க வேண்டியதில்லை. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு சொற்கள். குடும்பப் பெயர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் இடறுகிற இடம் இதுதான்.

முதலில் ஸ்காட்லாந்து ராஸைப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மொழி கேலிக். அதில் 'ரோஸ்' என்றால் கடலுக்குள்ளோ ஏரிக்குள்ளோ நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. வடக்கே இன்வர்னஸுக்கு மேலே கிழக்குக் கடற்கரையைப் படத்தில் பார்த்தால் காரணம் உடனே புரியும்: கை விரல்களை விரித்து வைத்ததுபோல நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும். அந்தப் பகுதிதான் ராஸ் சீமை. கின்ராஸ், ரோஸ்மார்க்கி போன்ற ஊர்ப் பெயர்களிலும் இதே சொல் ஒளிந்திருக்கிறது. கேலிக்கின் தங்கை மொழிகளில் பொருள் கொஞ்சம் நழுவும். வேல்ஸ் மொழியில் 'ரோஸ்' என்றால் புதர்க்காடான மேட்டுநிலம். ஐரிஷில் காடு என்றும் ஒரு பொருள் உண்டு.

மொழியியல்காரர்கள் இன்னும் ஒரு படி பின்னால் போகிறார்கள். கேலிக், வேல்ஸ், ஐரிஷ் எல்லாம் அடங்கிய கெல்டிக் மொழிகளில் சொல்லின் முதலில் வரும் 'ப' மறைந்துவிடும் என்பது தெரிந்த விதி. அந்த மறைந்த 'ப'வைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், 'ரோஸ்' என்பது சமஸ்கிருதத்தின் 'பிரஸ்த'வுக்கு உறவு என்கிறார்கள்: முன்னே நீட்டி நிற்கும் நிலம். இந்திரபிரஸ்தத்தில் வரும் அதே பிரஸ்தம்தான்!

ஆகவே ஸ்காட்லாந்தின் முதல் வகை ராஸ் ஊர்ப் பெயர். அந்தச் சீமையை ஆண்ட பிரபுக்களிடமிருந்து அது குடும்பப் பெயராயிற்று. வம்சத்தைத் தொடங்கியவர் ஃபெர்ஹார். கேலிக்கில் அவரை 'பூசாரியின் மகன்' என்ற அடைமொழியோடு சொல்வார்கள். 1215இல் அரசனுக்கு எதிரான கலகத்தை அடக்கி, தலைவர்களின் தலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வீரப் பட்டம் வாங்கியவர். பிறகு ராஸ் சீமையின் பிரபு. அவருக்குப் பின் வந்தவர்களின் கதை ஒரே ஏற்ற இறக்கம். 1306இல் இந்த வம்சத்தின் வில்லியம், டெய்ன் என்ற ஊரின் புனித டூத்தாக் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த ராணியையும் மற்றப் பெண்களையும் பிடித்து இங்கிலாந்து அரசனிடம் ஒப்படைத்தார். அந்த ராணி வேறு யாருமில்லை, ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸின் மனைவி. புரூஸ் கை ஓங்கியதும் 1308இல் அதே வில்லியம் போய் மண்டியிட்டார். புரூஸ் மன்னித்ததோடு நிற்கவில்லை, தன் தங்கையையே வில்லியமின் மகன் ஹியூவுக்குக் கட்டிவைத்தார். அரசியல் என்றால் அப்படித்தான் போல.

அந்த ஹியூ 1333இல் ஹாலிடன் மலைப் போரில் இறந்தார். உடலைக் காக்கும் என்று நம்பி டூத்தாக்கின் சட்டையை அணிந்துகொண்டு போரில் இறங்கினார் என்றும், அவர் விழுந்த பிறகு ஆங்கிலேயர்கள் அந்தச் சட்டையை மரியாதையாக டெய்னுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு.

1372இல் நேர் ஆண் வாரிசு அற்றுப்போனது. பிரபுப் பட்டம் மகள் வழியாக வேறு குடும்பங்களுக்குப் போய், 1476இல் அரசிடமே சேர்ந்துவிட்டது. ஆனால் குலத் தலைமை ஒரு தம்பியின் கிளையில் தங்கியது. அவர்களுடைய கோட்டை பால்நகவன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. கேலிக் பேசுகிறவர்கள் இந்தக் குலத்தை ராஸ் என்று சொல்வதே குறைவு. 'ஆண்ட்ரூவின் மக்கள்' என்பார்கள். அதனால் கில்லாண்டர்ஸ் என்ற குடும்பப் பெயரையும் இந்தக் குலத்தோடு சேர்க்கிறார்கள். 'புனித ஆண்ட்ரூவின் ஊழியன்' என்பது அதன் பொருள். எழுத்தில் ராஸுக்கும் கில்லாண்டர்ஸுக்கும் ஒட்டே இல்லை, ஆனால் குலம் ஒன்று. எழுத்தை மட்டும் பார்த்துத் தேடுகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இனி இரண்டாவது வகை, இதுவும் ஸ்காட்லாந்துதான். தெற்கே கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஹாக்ஹெட் என்ற இடத்தில் வேறொரு ராஸ் குடும்பம் இருந்தது. இவர்கள் மலைநாட்டார் இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரூஸ் என்ற சிறிய கிராமம் உண்டு. அதைக் கைக்கொண்ட நார்மன் குடும்பத்துக்கு 'ரோஸைச் சேர்ந்த' என்று பெயர். அவர்களில் ஒருவர் 1215இல் அரசனின் அதிகாரத்துக்கு எல்லை போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தை அரசன் மீறாமல் பார்த்துக்கொள்ளும் 25 பேரில் இடம்பெற்றார். இன்னொருவர் 1291இல் ஸ்காட்லாந்து அரியணைக்கே உரிமை கோரியவர்களில் ஒருவர். ஹாக்ஹெட் ராஸ்கள் தங்களை இந்த நார்மன் வழியினர் என்று சொல்லிக்கொண்டவர்கள். வடக்கு ராஸ்களோடு ரத்த உறவு கிடையாது.

இப்போது பால்நகவனுக்குத் திரும்புவோம். 1711இல் அங்கிருந்த குலத் தலைவர் டேவிட் ராஸ் வாரிசு இல்லாமல் இறந்தார். கோட்டையும் நிலமும் யாருக்குப் போயின தெரியுமா? தெற்கே இருந்த ஹாக்ஹெட் குடும்பத்து ராஸுக்கு! பெயர் பொருந்தியது, பெரிய இடத்து ஆள், அது போதுமாக இருந்தது. குலத் தலைமை மட்டும் பிட்கால்னி என்ற உண்மையான கிளைக்குப் போனது, ஆனால் சொத்து போகவில்லை. கதை அங்கேயும் முடியவில்லை. ஹாக்ஹெட் ஆண் வழியும் தேய்ந்து, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் தாய் வழியில் லாக்ஹார்ட் என்பவருக்குச் சொத்து வந்தது. அவர் கடற்படை அதிகாரி. சொத்தோடு பெயரையும் சேர்த்துக்கொண்டு லாக்ஹார்ட் ராஸ் ஆனார். பின்னாளில் அந்தக் கோட்டையைப் பார்க்கிற ஒருவர் 'ஆயிரம் ஆண்டு ராஸ் குலம்' என்று புல்லரித்துப்போவார். அங்கே வாழ்ந்ததோ பெயரை மட்டும் உரிமையாக்கிக்கொண்ட வேறு குடும்பம்.

குலம் என்ற சொல்லையும் இங்கே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கேலிக் 'கிளான்' என்றால் பிள்ளைகள் என்று பொருள். அதைக் கேட்டதும் தலைவருக்குக் கீழே இருந்த எல்லோரும் அவர் வம்சம் என்று தோன்றும். உண்மையில் தலைவரின் நிலத்தில் உழுதவர்கள், அவருடைய பாதுகாப்பை நாடி வந்தவர்கள், பலரும் அவர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். மலைநாட்டில் சாதாரண மக்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வந்ததே தாமதமாகத்தான். அதுவரை 'இன்னாரின் மகன் இன்னார்' அல்லது 'சிவப்புத் தலை டோனல்டு' என்றுதான் வழக்கம். அதனால் ராஸ் சீமையிலிருந்து வந்த ஒரு ராஸ், பிரபு வம்சமாக இருப்பதைவிட, பிரபுவுக்குக் குத்தகை கட்டியவரின் வழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். இங்கே நிலமுனை கிடையாது, குதிரை.

பழைய ஜெர்மானிய மொழியில் குதிரைக்கு 'ஹ்ரொஸ்' என்று பெயர். ஜெர்மனில் முதல் 'ஹ' உதிர்ந்து 'ரொஸ்' ஆனது. ஆங்கிலத்தில் வேறு மாதிரி நடந்தது: 'ர'வும் அதன் பின்னால் இருந்த உயிரும் இடம் மாறி 'ஹோர்ஸ்' ஆயிற்று. இது நமக்குப் புதிதல்ல. தசை சதையாவதும் மதுரை மருதையாவதும் இதே வேலைதான். நம் இலக்கணத்தில் இதற்கு எழுத்து நிலைமாறுதல் என்று பெயரே இருக்கிறது. ஆக ஆங்கில ஹோர்ஸும் ஜெர்மன் ரொஸ்ஸும் ஒரே சொல். கடலில் வாழும் வால்ரஸின் பின்பாதியிலும் இந்தக் குதிரைதான் நிற்கிறது: திமிங்கிலக் குதிரை. இன்றைய எழுத்து ஜெர்மனில் குதிரைக்கு வழக்கமான சொல் வேறு. 'ரொஸ்' என்று எழுதினால் கொஞ்சம் காவிய வாசனை அடிக்கும். ஆனால் தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கிராமங்களில் அது இன்னும் பேச்சுச் சொல்.

குதிரை எப்படிக் குடும்பத்தின் பெயராகும்? ஒரு வழி தொழில். குதிரை வளர்த்தவர், விற்றவர், வண்டி ஓட்டியவர்: ரொஸ்மன், ரோஸ்லர் போன்ற பெயர்கள் இப்படி வந்தவை. இன்னொரு வழி பட்டப்பெயர். ஆள் குதிரை மாதிரி இருந்திருப்பார், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி, வீட்டுப் பெயர்.

இடைக்கால ஜெர்மன் நகரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தெருவில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு அடையாளம் தொங்கும் அல்லது சுவரில் செதுக்கியிருக்கும்: கரடி, நட்சத்திரம், கேடயம், குதிரை. 'குதிரை வீட்டு ஹான்ஸ்' என்று கடன் பத்திரத்தில் எழுதுவார்கள். ஒன்றிரண்டு தலைமுறையில் 'வீட்டு' தேய்ந்து, ஹான்ஸ் ரொஸ் மிஞ்சுவார். வீடு மாறினால் பெயரும் மாறியது உண்டு. உலகம் அறிந்த ரோத்சைல்டு குடும்பப் பெயர் இந்த வகைக்குத் தெளிவான உதாரணம்; பிராங்க்ஃபர்ட் யூதத் தெருவில் 'சிவப்புக் கேடயம்' என்ற அடையாளமிட்ட வீட்டிலிருந்து வந்தது அது.

குதிரை அல்லாத ஜெர்மன் ராஸும் உண்டு. 'ஹ்ரோட்' என்றால் புகழ். ராபர்ட், ரோஜர், ரூடால்ஃப் எல்லாவற்றின் தலையிலும் இருப்பது இந்தச் சொல்தான். இப்படிப்பட்ட நீளமான பெயர்களை வீட்டில் சுருக்கி 'ரோசோ' என்று கூப்பிட்டார்கள். அந்தச் செல்லப் பெயரிலிருந்தும் சில ரொஸ்கள் வந்திருக்கிறார்கள்.

இனி எழுத்து விவகாரம். வேற்றுருவங்கள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ஜெர்மனில் இந்தப் பெயரைப் பழைய முறையில் எழுதும்போது, கடைசியில் இரண்டு 'எஸ்' போடாமல் எஸ்ட்செட் என்ற ஒற்றை எழுத்தைப் போடுவார்கள். பார்க்க அச்சு அசலாக ஆங்கிலப் பெரிய 'பி' (B) மாதிரி இருக்கும், கீழே ஒரு சின்ன வால் தொங்கும். 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு குதிரைக்கு இரண்டு 'எஸ்' போட்டு எழுதுகிறார்கள். ஆனால் குடும்பப் பெயரைச் சட்டம் தொடவில்லை, பழையபடியே இருக்கலாம். ஆகவே தெருவில் போகிற குதிரைக்கு ஓர் எழுத்து, வீட்டுப் பலகையில் இருக்கிற குதிரைக்கு இன்னோர் எழுத்து! சுவிட்சர்லாந்திலோ அந்த எழுத்தே புழக்கத்தில் இல்லை. அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களின் தாளில் எஸ்ட்செட்டைப் பார்த்த ஆங்கிலக் கண்கள் அதை 'பி' என்று படித்துவிட்டால், ராஸ் குடும்பம் பட்டியலில் 'ராப்' என்று பதிவாகியிருக்கும். மூதாதையர் தேடலில் இறங்குகிறவர்கள் 'பி' போட்டும் ஒருமுறை தேடிப் பார்ப்பது இதனால்தான்.

மற்றபடி ரோஸ், ரொஸ்ஸே, ரூஸ், ரூஸே, ரோஹ்ஸ் எனப் பல உருவங்களைப் பழைய ஏடுகளில் பார்க்கலாம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவே. ஒரே ஆளின் பெயர் ஒரே பத்திரத்தில் இரண்டு விதமாக இருப்பதுகூட உண்டு. ஆனால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டச்சுக்காரர்களின் 'ரோஸ்' ரோஜாப்பூ. குதிரையும் இல்லை, முனையும் இல்லை.

அமெரிக்கா போன பிறகு இந்தக் கலவை இன்னும் கெட்டியானது. அங்கே ராஸ் என்பது பெரிய சத்திரம் மாதிரி. யார் யாரோ வந்து தங்கினார்கள். ரோசன்பெர்க், ரோசன்தால் போன்ற யூதப் பெயர்கள் சுருங்கி ராஸ் ஆயின. இத்தாலிய ரோஸ்ஸியும் (சிவந்தவர் என்று பொருள்) வாலை வெட்டிக்கொண்டு ராஸ் ஆனதுண்டு. குத்துச்சண்டைச் சாம்பியன் பார்னி ராஸின் பிறந்த பெயர் ரசோஃப்ஸ்கி. குடியேற வந்தவர்களைச் சரிபார்த்து உள்ளே விட்ட நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குமாஸ்தா ஒருவர் சலிப்பில் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று பல வீடுகளில் ஒரு கதை சொல்வார்கள். அது பெரும்பாலும் கதைதான். அங்கிருந்த அதிகாரிகள் கப்பல் ஏறிய துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், புதிதாக எழுதவில்லை. பெயரை வந்தவர்களே பிற்பாடு வசதிக்காக மாற்றிக்கொண்டார்கள். கறுப்பின அமெரிக்கர்களிடம் உள்ள ஸ்காட்லாந்துப் பெயர்களுக்குப் பின்னால் அடிமை முறையின் வரலாறு பல நேரம் இருக்கும். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் தலைவராக 1828 முதல் 1866 வரை இருந்த ஜான் ராஸுக்கோ, அந்தப் பெயர் ஸ்காட்லாந்துத் தந்தை வழியே வந்தது. அவருக்கு கூவிஸ்கூவி என்று செரோக்கிப் பெயரும் உண்டு.

அப்படியானால் ஒருவர் 'என் பெயர் ராஸ்' என்றால் எந்த ராஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரைப் பார்க்காமல் ஊரைக் கேட்க வேண்டும். தாத்தா, அவருடைய தாத்தா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போய், யார் எந்த ஊர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்று பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு 1855இல் தொடங்கியது. ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் 1876இல். அதற்கு முன்னால் தேவாலய ஏடுகள்தான் கதி. தந்தை வழியில் மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம் பரிசோதனை, இரண்டு ராஸ்கள் ஒரே ஆண் வழியா இல்லையா என்று சொல்லிவிடும். ஆனால் அந்த மூதாதை குதிரை விற்றாரா, கடல்முனையில் ஆடு மேய்த்தாரா என்று சொல்லாது.

சுற்றுலாக் கடைகளில் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று அச்சடித்து விற்கும் தட்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் ஒரு தனி ஆளுக்கு உரியது, ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் பொதுவானது அல்ல. அதை மேற்பார்க்க லார்டு லயன் என்ற அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் இன்றும் இருக்கின்றன. குலத்துக்கு ஒரு கட்டம்போட்ட துணி என்ற வழக்கமும் நாம் நினைக்கிற அளவு பழையதல்ல. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது கிளம்பிய மோகத்தில்தான் அது பெரிதாக ஊன்றியது. ராஸ் குலத் துணி அழகான சிவப்பு, அதை மறுக்கவில்லை. ரோசன்பெர்க் வழி வந்த ராஸும் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

இனி லூட்விக் ராஸ். 1806இல் வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதியில், போர்ன்ஹோவெட் என்ற ஊரில் பிறந்தார். ஜெர்மன் மொழியில் எழுதினார், கிரேக்க நாட்டில் தொல்பொருள் துறைக்குத் தலைமை ஏற்றார், 1830களில் அக்ரோபோலிஸில் சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கி அத்தீனா நைக்கி கோயிலைத் திரும்ப எழுப்பினார். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பித்த முதல் பேராசிரியர். கடைசிக் காலத்தில் ஹால்லே நகரில் பேராசிரியராக இருந்து 1859இல் இறந்தார். பெயர் ரொஸ், பிறந்தது ஜெர்மன் பேசும் நாட்டில். குதிரைதான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவருடைய தந்தை வழித் தாத்தா வட ஸ்காட்லாந்திலிருந்து ஹாம்பர்க் வந்து குடியேறிய ஒரு வைத்தியர். ஆக, கடல்முனை!

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தத்துவவாதி இம்மானுவேல் கான்ட், தன் முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் என்று நம்பினார், கடிதத்திலும் எழுதினார். அப்படி நம்புவதற்கு வழியும் இருந்தது. பால்டிக் கடலோரத் துறைமுகங்களில் ஸ்காட்லாந்து வியாபாரிகள் அந்தக் காலத்தில் ஏராளமாகக் குடியேறியிருந்தார்கள்; டான்சிக் நகரத்துக்கு வெளியே 'பழைய ஸ்காட்லாந்து' என்றே ஒரு பேட்டை இருந்தது. பிற்காலத்தில் ஏடுகளைப் புரட்டியவர்கள் கான்ட்டின் கொள்ளுத் தாத்தாவை மேமெல் பக்கத்துப் பால்டிக் கிராமம் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். ஸ்காட்லாந்தில் கான்ட் என்ற குடும்பப் பெயர் இருக்கத்தான் செய்கிறது. அது அவருடையது இல்லை.

கடைசியாக நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று. இந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? பாடப்புத்தகம் வழியே 'ராஸ்' ஊன்றிவிட்டது, இங்கேயும் பெரும்பாலும் அதையே எழுதினேன். ஸ்காட்லாந்துக்காரர் வாயிலும் ஜெர்மன்காரர் வாயிலும் வருவது குறில் 'ஒ'. ஆங்கிலத்தில் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது: ரொஸ் என்று எழுதினால் சரியாக இருக்கும். கொம்பை மாற்றிப் போட்டு ரோஸ் என்று எழுதிவிட்டாலோ, அடுத்த தலைமுறையில் யாராவது ரோஜாப்பூ என்று பொருள் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.